ஸ்கோப் கோடு 400 என்கிறது, உங்கள் துப்பாக்கி என்ன சொல்கிறது?

உண்டிவில்லால் மாங்காய் அடித்துப் பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கிளை என்றால் காய்க்கு நேராகப் பார்த்து விடுவோம். தூரத்துக் கிளை என்றால் காய்க்கு ஒரு சாண் மேலே. எவ்வளவு மேலே என்பது கைக்குத் தெரியும். துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கியான ரைஃபிள் ஸ்கோப்பில் அந்தக் கையின் வேலையைக் கண்ணாடியில் பொறித்த கோடுகள் செய்கின்றன. நடுவில் கூட்டல் குறி, அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். தூரம் கூடக் கூட ஒவ்வொரு கோடாக இறங்கி, அந்தக் கோட்டை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டும். இதைத்தான் பி.டி.சி. ரெட்டிகிள் என்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். டெக்சாஸுக்கு வந்து, மான் வேட்டைக்கென்று முதல் ரைஃபிளை வாங்கி, 100 கஜத்தில் ஜீரோ செய்துவிட்டு (அந்தத் தூரத்தில் குண்டு நடுக் குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவதுதான் ஜீரோ), நேராக 400 கஜத்து இரும்புத் தட்டுக்குப் போய்விட்டேன். மூன்றாவது கோடு 400-க்கு என்று காகிதத்தில் போட்டிருந்தது. ஐந்து தோட்டாக்கள் போயின. ஐந்தும் தட்டின் கீழ் விளிம்புக்கும் கீழே, ஒரே இடத்தில் மண்ணைக் கிளப்பின. என்னை அழைத்துப் போன மதுரைக்கார அண்ணன் பைனாகுலரை இறக்கிவிட்டு, “தம்பி, கை நல்லாத்தான் இருக்கு. கோடுதான் உன் துப்பாக்கிக்குப் போட்டது இல்ல” என்றார்.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானாகக் கணக்குப் போட்டுக் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் நான்கு பெட்டித் தோட்டாவையாவது மிச்சம் பிடிக்கலாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், வக்கீலைக் கேளுங்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். கொலராடோவில் அந்தக் கணக்கு 1949 ஜனவரி 1-இலிருந்து.

கோடு காட்டுவது தூரத்தை அல்ல

குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் 200, 300, 400 என்று விளக்கக் காகிதத்தில் போட்டிருப்பதால் அது தூரம் என்று நினைக்கிறோம். கண்ணாடிக்குத் தூரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கோணம் மட்டும்தான். நடுக் குறியிலிருந்து இத்தனை எம்.ஓ.ஏ. கீழே ஒரு கோடு, அவ்வளவே. ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், 400 கஜத்தில் 4.19 அங்குலம்.

அந்தக் கோணத்துக்கு 400 என்று பெயர் வைத்தவர், ஒரு குறிப்பிட்ட வகைத் தோட்டா ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போகும் என்று எடுத்துக்கொண்டு வைத்திருக்கிறார். ரெடிமேட் சட்டை மாதிரி. பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், யாருக்கும் கச்சிதமாக இருக்காது.

குழல் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு அமெரிக்க மரைன் படையே சாட்சி. அவர்கள் வாங்கிய ஏகாக் ஸ்கோப்பில் இரண்டு வகை உண்டு. 20 அங்குலக் குழல் கொண்ட எம்16ஏ4 ரைஃபிளுக்கு ஒன்று, 14.5 அங்குலக் குழல் கொண்ட எம்4-க்கு இன்னொன்று. இரண்டிலும் போடுவது ஒரே தோட்டாதான். குழல் குட்டையானதால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் குண்டு சீக்கிரம் இறங்குகிறது, அதனால் கோடுகளையே தனியாகப் பொறிக்க வேண்டியதாயிற்று.

முதல் வேலை: கோடுகளின் உண்மையான அளவு

ஸ்கோப் கையேட்டைத் திறந்து, தூரம் போட்ட படத்தைத் தாண்டி, எம்.ஓ.ஏ. அளவு போட்ட படத்தைத் தேடுங்கள். என்னுடையது வோர்டெக்ஸ் நிறுவனத்தின் டெட்-ஹோல்டு ரெட்டிகிள், 3-9 பவர், அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதில் நடுக் குறிக்குக் கீழே 1.5, 4.5, 7.5, 11 எம்.ஓ.ஏ. என்று நான்கு நிலைகள். கடைசியானது கோடு அல்ல, தடித்த கம்பியின் நுனி. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி 200, 300 என்ற பெயர்களை மறந்துவிடலாம்.

அடுத்து, உங்கள் ஸ்கோப் முதல் குவியத் தளமா, இரண்டாம் குவியத் தளமா என்று பாருங்கள். பவரைக் கூட்டும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதானால் முதல் வகை. இலக்கு மட்டும் பெரிதாகி, கோடுகள் அப்படியே இருந்தால் இரண்டாம் வகை. வேட்டைக்கு வாங்கும் சாதாரண விலை ஸ்கோப்புகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இவற்றில் கையேட்டு அளவு பொதுவாக உச்ச பவரில் மட்டுமே சரி. 9 பவர் ஸ்கோப்பை 4.5-இல் வைத்தால் ஒவ்வொரு கோட்டின் மதிப்பும் இரட்டிப்பாகிவிடும். 4.5 எம்.ஓ.ஏ. கோடு 9 எம்.ஓ.ஏ. ஆகிவிடும். அதை வைத்து 300 கஜத்தில் சுட்டால் குண்டு 14 அங்குலம் மேலே போகும். மானின் முதுகுக்கும் மேலே.

நேரம் இருந்தால் கோடுகளை அளந்தும் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மேலே ஒரு தடித்த கோடு. அதிலிருந்து 1.6, 4.7, 7.9, 11.5 அங்குலம் கீழே நான்கு கோடுகள். சுடும் திடலான ரேஞ்சில் எல்லோரும் சுடுவதை நிறுத்தும் நேரத்தில் அதைச் சரியாக 100 கஜத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். மறுபடி சுட அனுமதி கிடைத்த பிறகு, தோட்டா போடாமல், போல்ட்டைத் திறந்து வைத்து, ஸ்கோப் வழியே பாருங்கள். நடுக் குறியை மேல் கோட்டில் வைத்தால் மற்ற நான்கும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பவர் வளையத்தைச் சற்றுத் திருப்பி, எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். வளையத்தில் 9 என்று போட்ட இடம் உண்மையில் 9 ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இரண்டாவது: உங்கள் குழலிலிருந்து வரும் வேகம்

தோட்டாப் பெட்டியில் ஒரு வேகம் அச்சிட்டிருப்பார்கள். நான் வாங்கியது .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா, 168 கிரெய்ன் எடையுள்ள குண்டு. பெட்டியில் நொடிக்கு 2,650 அடி. இது பொதுவாக 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. என் துப்பாக்கியின் குழல் 20 அங்குலம். .308-க்கு அங்குலத்துக்கு 20 முதல் 25 அடி வேகம் குறையும் என்பது ரேஞ்சில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நான்கு அங்குலத்துக்கு நூறு அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரே நீளக் குழல்கள் இரண்டு, ஒரே பெட்டித் தோட்டாவைப் போட்டாலும் இருபது முப்பது அடி வித்தியாசம் காட்டும். அளந்து பார்ப்பதுதான் சரி. அளக்கும் கருவிக்குக் குரோனோகிராஃப் என்று பெயர். குழலின் முனையில் கட்டும் வகை உண்டு, பக்கத்தில் வைத்தாலே ரேடாரில் அளக்கும் வகை உண்டு. சொந்தமாக வாங்க வேண்டாம். ரேஞ்சில் பக்கத்து மேசையில் யாராவது வைத்திருப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் கொடுப்பார்கள். குழல் முனையில் கட்டும் வகை குண்டு விழும் இடத்தை மாற்றிவிடும் என்பதால், வேகம் பார்ப்பதையும் ஜீரோ செய்வதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்துத் தோட்டாக்கள் சுட்டுச் சராசரி எடுங்கள். மூன்று போதாது. எனக்கு வந்தது 2,550. குழலுக்கான கணக்கு அப்படியே சரியாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

மூன்றாவது: கணக்குப் பொறி

எந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு இறங்கும் என்று சொல்லும் இலவசக் கணக்குப் பொறி ஜே.பி.எம். பாலிஸ்டிக்ஸ் தளத்தில் இருக்கிறது. ஹார்னடி நிறுவனமும் ஒன்று வைத்திருக்கிறது. எதுவானாலும் சரி, கேட்பது ஒரே தகவல்கள்தான். குண்டின் எடை, வேகம், ஜீரோ தூரம், ஸ்கோப்பின் உயரம், காற்றின் வெப்பமும் அழுத்தமும், அப்புறம் பி.சி. எனப்படும் எண். பி.சி. என்பது குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும் என்பதன் அளவு. குண்டு செய்த நிறுவனமே வெளியிட்டிருக்கும். சியராவின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டுக்கு ஜி1 முறையில் 0.462. ஜி1 எண்ணை, இன்னொரு முறையான ஜி7-இன் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். கணக்குப் பொறி மறுக்காது, பதில் மட்டும் தப்பாக வரும்.

ஸ்கோப்பின் உயரம் என்பது குழலின் மையத்துக்கும் ஸ்கோப்பின் மையத்துக்கும் இடையிலான தூரம். சாதாரண போல்ட் ரைஃபிளில் 1.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஏஆர் வகையில் 2.6 அங்குலம் வரை போகும். ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

பதிலை எம்.ஓ.ஏ.யில் கேளுங்கள். சில பொறிகளில் 100 கஜத்துக்கு ஒரு அங்குலம் என்ற இன்னொரு அளவும் இருக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் 500 கஜத்தில் 11 எம்.ஓ.ஏ. என்பது 57.6 அங்குலம், அந்த இன்னொரு அளவில் 55 அங்குலம்.

என் துப்பாக்கிக்கு 100 கஜ ஜீரோவில், கடல்மட்டக் காற்றில் வந்த கணக்கு ஏறத்தாழ இப்படி:

200 கஜம்: 2.25 எம்.ஓ.ஏ.
300 கஜம்: 5.3
400 கஜம்: 8.9
500 கஜம்: 13

கோடுகளோ 1.5, 4.5, 7.5, 11. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. 400 கஜத்தில் தேவை 8.9, நான் வைத்தது 7.5. குறைந்தது 1.4 எம்.ஓ.ஏ., அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 6 அங்குலம். தட்டுக்குக் கீழே மண் ஏன் கிளம்பியது என்று இப்போது தெரிகிறதல்லவா?

நான்காவது: பொருத்துவது

மூன்று வழிகள் உண்டு. எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைக் கலந்தால் இரண்டும் கெடும்.

எளிய வழி, கோட்டை மாற்ற முடியாது என்பதால் தூரத்தின் பெயரை மாற்றிக்கொள்வது. கணக்குப் பொறியில் 5 அல்லது 10 கஜ இடைவெளியில் பட்டியல் எடுத்து, 1.5 எங்கே வருகிறது, 4.5 எங்கே வருகிறது என்று தேடுங்கள். எனக்கு வந்தவை சுமார் 170, 275, 360, 455. இந்த நான்கையும் ஒரு துண்டு டேப்பில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டினால் முடிந்தது. குறை என்னவென்றால் எண்கள் முழுசாக இருக்காது. மான் 300-இல் நின்றால் இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நடுவே மனசால் பங்கு போட வேண்டும். மானைப் பார்த்ததும் நெஞ்சு அடிக்கிற வேகத்தில் அந்தப் பங்குக் கணக்கு சரியாக வரும் என்று நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது வழி, ஜீரோவைக் கொஞ்சம் உயர்த்துவது. எனக்குப் பிடித்தது இதுதான். 200-க்கு 2.25 வேண்டும், கோடு 1.5-இல் இருக்கிறது. வித்தியாசம் 0.75. டர்ரெட்டில் (ஸ்கோப் மேலுள்ள திருகு குமிழ்) ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. என்றால் மூன்று கிளிக் மேலே. இப்போது குண்டு 100 கஜத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மேலே விழும். அதனால் ஒன்றும் குடி முழுகாது. 200 கஜத்துக்கு முதல் கோடு சரியாகப் பொருந்திவிட்டது. 300-க்கு வேண்டியது 5.3-இலிருந்து 4.55-க்கு இறங்கிவிட்டது, இரண்டாம் கோடு 4.5. இடைவெளி 300 கஜத்தில் கால் அங்குலம்கூட இல்லை. மூன்றாம் கோடு 380-ஐயும், கம்பி நுனி 470-ஐயும் ஒட்டி வருகின்றன. மான் வேட்டையில் நான் 300-ஐத் தாண்டுவதில்லை என்பதால் எனக்கு இது போதும்.

மூன்றாவது வழி கொஞ்சம் விளையாட்டு மாதிரி, இரண்டாம் குவியத் தள ஸ்கோப்புக்கு மட்டும். பவரைக் குறைத்தால் கோட்டின் மதிப்பு கூடும் என்று மேலே பார்த்தோம். அந்தக் குறையையே வசதியாக்கிக்கொள்ளலாம். ஜீரோ பழையபடி 100 கஜத்திலேயே இருக்கட்டும். எனக்கு வேண்டிய 5.3, 8.9, 13 ஆகிய மூன்றையும் கோடுகளான 4.5, 7.5, 11-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.18 வருகிறது. 9-ஐ 1.18-ஆல் வகுத்தால் 7.6. அதாவது பவர் வளையத்தை 7.6-க்குத் திருப்பினால் மூன்று கோடுகளும் 300, 400, 500 கஜங்களில் போய் உட்கார்ந்துவிடும். முதல் கோடு மட்டும் 200 கஜத்தில் ஓர் அங்குலம் தாழ்வாக விழும். முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். வளையத்தில் 7.6 என்று குறி இருக்காது. முன்னே சொன்ன கோடு போட்ட தாளை, இந்தப் புது அளவுகளுக்கு வரைந்து ஒட்டி, பொருந்தும் இடத்தில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். வளையத்தை மறந்துபோய்த் திருப்பிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

ஐந்தாவது: சுட்டுப் பார்ப்பது

கணக்கு என்பது ஜாதகம் மாதிரி. பெண்ணை நேரில் பார்க்காமல் கல்யாணம் பேசக் கூடாது.

முதலில் ஸ்கோப் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால், கோடு இறங்க இறங்கக் குண்டு ஒரு பக்கமாக விலகிக்கொண்டே போகும். காற்று குறைவான காலை நேரமாகப் பார்த்து, கண்ணுக்கும் காதுக்கும் கவசம் போட்டு, குண்டு போய் அடங்கும் மண்மேடு இலக்கின் பின்னால் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, 100 கஜத்தில் ஐந்து சுடுங்கள். குழல் ஆறட்டும். பிறகு 200, 300 என்று ஒவ்வொரு தூரத்திலும் அந்தந்தக் கோட்டை வைத்து ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒரே ஒரு தோட்டா எங்கே விழுந்தது என்று பார்க்காதீர்கள், ஐந்தின் நடு எங்கே என்று பாருங்கள். இடம் வலம் விலகினால் அது பெரும்பாலும் காற்று. இந்த வேலையில் மேலே கீழே மட்டும்தான் நமக்குக் கணக்கு.

இரும்புத் தட்டைவிடக் காகிதம் நல்லது. தட்டு அடி வாங்கியதா இல்லையா என்று மட்டும் சொல்லும், காகிதம் எத்தனை அங்குலம் என்று சொல்லும்.

300 கஜத்தில் சற்றுக் கீழே விழுந்தால், கணக்குப் பொறியில் வேகத்தைப் பத்துப் பத்து அடியாகக் குறைத்து, பட்டியல் காகிதத்தோடு ஒத்துவரும் வரை பாருங்கள். ஐம்பது அடிக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் வேகம் காரணமில்லை. 100 கஜ ஜீரோ பிசகியிருக்கும், தூரம் சரியாக அளந்திருக்கமாட்டோம், அல்லது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் வளையத்தின் திருகு தளர்ந்திருக்கும். நான் பார்த்தவரை திருகுதான் அதிகம்.

இடம் மாறினால்

கடல்மட்டத்தை ஒட்டிய ஹூஸ்டனில் சரிசெய்த துப்பாக்கியைக் கொலராடோவில் 7,000 அடி உயரத்துக்கு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குக் கொண்டுபோனால் காற்று மெலிந்திருக்கும், குண்டு குறைவாக இறங்கும். என் கணக்கில் 400 கஜத்தில் அந்த வித்தியாசம் சுமார் 2 அங்குலம். 300 வரை கவலைப்பட ஒன்றுமில்லை. குளிர் எதிர்ப்பக்கம் இழுக்கும். காற்று அடர்த்தியாகும், தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தும் சற்று மெதுவாக எரியும். போகிற இடத்தின் வெப்பமும் அழுத்தமும் போட்டுப் புதிதாக ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டு போங்கள்.

தோட்டாவை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே எடை, அதே வேகம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வேறு நிறுவனம் என்றால் வேறு தோட்டாதான். ஒரே நிறுவனத்திலேயே லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறினால் வேகமும் மாறலாம். ஒரே லாட்டில் பத்துப் பெட்டி மொத்தமாக வாங்கிவிடுவது இதனால்தான்.

இப்போது என் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருக்கும் டேப்பில் நான்கு வரிகள்: 1 - 200, 2 - 300, 3 - 380, கம்பி - 470. அதற்குக் கீழே சின்னதாக, பவர் 9, 100-இல் முக்கால் மேலே. அதற்கும் கீழே தோட்டாவின் லாட் எண். பத்துப் பெட்டியில் இரண்டுதான் மிச்சம். அடுத்த லாட் வந்ததும் டேப்பைக் கிழித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் குரோனோகிராஃப் கேட்டு நிற்க வேண்டியதுதான்.